நானூற்றுக்கு அப்பால் ஒரு சாலை

தமிழ்நாட்டுக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிடத்தில் ஓட வேண்டும். திருவாலங்காட்டுப் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம். ஊரில் கரும்பு உண்டு, திருத்தணி கூட்டுறவு சர்க்கரை ஆலை உண்டு, சென்னை–அரக்கோணம் ரயில் பாதை உண்டு. இவற்றைத் தாண்டி ஒரு சம்பளம் வேண்டுமென்றால் கண்ணெதிரே தெரிந்த வழி யூனிஃபார்ம்தான். பக்கத்து அரக்கோணத்தில் கடற்படையின் ராஜாளி விமானதளம், பேரிடர் மீட்புப் படையின் நான்காவது பட்டாலியன், தக்கோலம் பக்கம் சி.ஐ.எஸ்.எஃப். பயிற்சி மையம். கஞ்சி போட்ட சட்டையும் பளபளக்கும் பூட்ஸும் ரயிலில் தினமும் எதிர் சீட்டில் உட்கார்ந்திருக்கும். ஊர்ப் பையன்கள் வேறு எதைக் கனவு காண்பார்கள்?

அதனால் விடியற்காலையில் எந்தச் சாலையிலும் யாராவது ஒருவன் ஓடிக்கொண்டிருப்பான். ராணுவத்துக்கு என்றால் 1600 மீட்டர். ஐந்தரை நிமிடத்துக்குள் வந்தால் முழு மார்க். மத்தியப் படைகளுக்கு என்றால் 5 கிலோமீட்டர், 24 நிமிடம். போலீஸுக்கு 1500-ஐ முடித்த பிறகு 100 மீட்டரோ 400 மீட்டரோ தனியாக இருக்கும். ஒரே பையன் ஒரே வருஷத்தில் இத்தனைக்கும் தயாராவான். குறுந்தூரக்காரன், நெடுந்தூரக்காரன் என்று பட்டணத்து ஓட்டக் குழுக்கள் பிரித்துக்கொள்வதைப் பார்க்கும்போது எனக்கு அந்தப் பையன்கள்தான் ஞாபகம் வருகிறார்கள். எந்த செலக்‌ஷன் முதலில் வருகிறதோ அதுவே அவர்களுடைய தூரம்.

நான் அந்தக் கூட்டத்தில் ஓடிய பெண். அண்ணன் போனதால் நானும் போனேன். அவர்கள் ஓடும்போது நானும் ஓடுவேன். ஆனால் எனக்கு இரண்டு ரவுண்டு. மைதானத்தில் சுண்ணாம்பு போட்டு வைத்திருந்த வட்டம் 200 மீட்டர், ஆக இரண்டு ரவுண்டில் 400 முடிந்துவிடும். மூன்றாவதுக்குக் கால் திரும்பினால் அண்ணன் கையைக் காட்டி நிறுத்திவிடுவார். “பாப்பா, உனக்கு ரெண்டு போதும்மா. மூச்சை வீணாக்காதே.” அண்ணன் சொன்னதில் கடுமை ஏதும் இல்லை. தேர்வில் பெண்ணுக்கு 400 என்றால், பயிற்சியிலும் 400. அதற்கு மேல் ஓடுகிற பெண்ணை எங்களில் யாரும் பார்த்ததில்லை.

அந்த மைதானத்துக்காகத்தான் ஏங்குகிறேன் என்று சொன்னால் பாதிதான் சரி. மார்கழி, தை மாதங்களில் ஆலை அரைவையில் இருக்கும். கரும்புச் சாறு காய்கிற வாடையும் மொலாசஸின் புளித்த வாடையும் கலந்து, பனியோடு சேர்ந்து தரைமட்டத்தில் நிற்கும். வேகமாக மூச்சு வாங்கும்போது அது தொண்டைக்குள் இனிப்பாகவே இறங்கும். டிரெய்லரில் மலை மாதிரி ஏற்றின கரும்போடு டிராக்டர்கள் விளக்கில்லாமல் வரும், ஓரம் ஒதுங்கி ஓட வேண்டும். திருப்பங்களில் உருவி விழுந்த கழிகளைப் பையன்கள் பொறுக்கிக்கொண்டு வருவார்கள். ஓடி முடித்ததும் மைதானத்து மேட்டில் உட்கார்ந்து பல்லால் தோலை உரித்துத் தின்போம். இன்று பந்தயத்தின் நடுவே ஜெல் பாக்கெட்டைக் கிழித்து உறிஞ்சும்போதெல்லாம் நாக்கு அந்தக் கரும்பைத் தேடுகிறது. இரண்டிலும் இருப்பது சர்க்கரைதான். ஆனால் ஒன்றைப் பத்துப் பேர் நடுவில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டு தின்றோம்.

ரவுண்டு எண்ணுவது தெலுங்கில் நடக்கும். எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு மொழி மாறும். திருத்தணி தாலுகா 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. எல்லையைக் கோடு போட்டுப் பிரித்தார்கள், பேச்சைப் பிரிக்க முடியவில்லை. மேட்டில் நின்று ஸ்டாப்வாட்ச் பிடிக்கிற பையன் வீட்டில் தெலுங்கு பேசுகிறவன். “ஒகட்டி... ரெண்டு... மூடு...” என்று அவன் குரல் கொடுக்கக் கொடுக்கக் கால்கள் சுற்றும். இப்போது பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் யாராவது “ஒந்து, எரடு” என்று எண்ணும்போது என் கால் அரைக் கணம் அந்த மேட்டைத் தேடும்.

செலக்‌ஷன் வந்தது. எங்கள் பிரிவில் பெண்களுக்குக் குறைந்தபட்ச உயரம் 159 சென்டிமீட்டர். அளவு எடுப்பது முதலில், ஓட்டம் அதற்குப் பிறகு. நான் 157. வரிசையிலிருந்து விலகி ஓரமாக நின்று, என்னோடு வந்த பெண்கள் 400 மீட்டர் தடத்தில் அந்த ஒரு ரவுண்டை ஓடுவதைப் பார்த்தேன். இரண்டரை நிமிடம் என்பது எனக்கு ஒரு பொருட்டே இல்லை; ஊரில் நான் 400-ஐ 78 விநாடியில் ஓடிக்கொண்டிருந்தேன். யாரையும் குற்றம் சொல்ல இதில் எதுவும் இல்லை. அளவு அளவுதான். ஆனால் ஓடாமலே முடிந்துபோன அந்த ஒரு ரவுண்டு பல வருஷங்கள் என் உடம்பில் தங்கியிருந்தது. பிறகு கல்யாணம், பெங்களூரு, வேலை, பிள்ளைகள். அண்ணன் ரயில்வேயில் டிராக்மேன் ஆனார். இன்று அந்த வேலைக்கு 1000 மீட்டரை நான்கே கால் நிமிடத்தில் ஓட வேண்டும், 35 கிலோ எடையைத் தூக்கிக்கொண்டு 100 மீட்டரை இரண்டு நிமிடத்தில் கடக்க வேண்டும். வேலை கிடைத்த பிறகு ஓட்டமே கிடையாது, தினமும் தண்டவாளத்தோடு நடைதான். எங்கள் வீட்டில் நிஜமான நெடுந்தூரக்காரர் அவர்தான்.

முப்பத்தெட்டு வயதில் மறுபடி ஓட ஆரம்பித்தேன். கப்பன் பார்க்கில் ஞாயிற்றுக்கிழமை கூடுகிற கூட்டத்தோடு முதலில் 5 கிலோமீட்டர். மூச்சு விடுவதிலேயே திணறல். ரத்தம் பார்த்ததில் ஹீமோகுளோபின் 10-க்குக் கீழே. பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றில் 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று கண்டார்கள். தமிழ்நாட்டில் 53 சதவீதத்துக்கும் மேல். ஓட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஷூவைப் பற்றியும் வாட்சைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசுவார்கள். பெண்களுக்கு அவற்றைவிடப் பெரிய விஷயம் இரும்பு. தசைக்குப் பிராணவாயுவைச் சுமந்து போகிற வண்டியே குறைவாக இருந்தால், எந்தப் பயிற்சித் திட்டமும் வேலை செய்யாது. டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையும் சாப்பாட்டு மாற்றமும் சேர்ந்து சில மாதங்களில் என் 5 கிலோமீட்டரில் குறைத்த அளவு நேரத்தை எந்தப் பயிற்சியும் குறைத்ததில்லை.

அதற்குப் பிறகுதான் ஓட்டத்தைப் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க ஊர் மைதானம் வேறு மாதிரித் தெரிந்தது.

நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ஆர்தர் லிடியார்ட் என்று ஒருவர். செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், பிறகு பயிற்சியாளர். தன் பகுதியில் இருந்த பையன்களையே சேர்த்துப் பயிற்சி கொடுத்தார். 800 மீட்டர் ஓடுகிறவனையும் மாரத்தான் ஓடுகிறவனையும் ஞாயிற்றுக்கிழமை ஒரே மலைப்பாதையில் 22 மைல் ஓட வைத்தார். எல்லாருக்கும் வாரத்துக்கு நூறு மைல். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவருடைய பையன்களில் பீட்டர் ஸ்நெல் 800 மீட்டரில் தங்கம் வாங்கினார், மரே ஹால்பர்க் 5000 மீட்டரில் தங்கம், பாரி மாகீ மாரத்தானில் வெண்கலம். 1964 டோக்கியோவில் ஸ்நெல் 800, 1500 இரண்டையும் வென்றார். இரண்டே ரவுண்டு ஓடப்போகிறவனுக்கு 35 கிலோமீட்டர் எதற்கு என்று அன்று கேட்டவர்கள் உண்டு. பதில் உடம்பின் வேலையில் இருக்கிறது. 100 மீட்டர் ஓட்டத்துக்கு உடம்பில் சேர்த்து வைத்திருக்கும் சக்தியே பெரும்பாலும் போதும். 800-க்கு வரும்போதே பாதிக்கு மேல் பிராணவாயுவைக் கொண்டு உண்டாக்கும் சக்திதான். 5000 மீட்டரில் ஏறத்தாழ முழுக்க அதுதான். மெதுவாக, பேசிக்கொண்டே ஓடும் நீண்ட ஓட்டம் தசைக்குள் நுண்ரத்தக் குழாய்களைப் பெருக்குகிறது, இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தத்தைக் கூட்டுகிறது. வேகம் அதன் மேல்தான் உட்காரும். இன்றைய முன்னணி ஓட்டக்காரர்களின் பயிற்சியிலும் ஐந்தில் நான்கு பங்கு இப்படி லேசான ஓட்டம்தான் என்று ஸ்டீபன் சைலர் என்ற ஆராய்ச்சியாளர் எடுத்துக் காட்டினார்.

இதைப் படித்தபோது எனக்கு மூச்சை வீணாக்காதே என்ற அந்தச் சொல் நினைவுக்கு வந்தது. 400-ஐ இன்னும் வேகமாக ஓட எனக்குத் தேவைப்பட்டது மூன்றாவது ரவுண்டு, பத்தாவது ரவுண்டு, பழையனூர் வரை போய்த் திரும்புகிற சாலை. அது மைதானத்து வாசலிலேயே கிடந்தது.

1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக் என்றால் நம் நாட்டில் பி.டி. உஷாதான். 400 மீட்டர் தடை ஓட்டம், 55.42 விநாடி, நூறில் ஒரு பங்கில் போன வெண்கலம். எங்கள் அம்மாவின் தலைமுறைக்கே அது தெரியும். பெண்களுக்கு ஒலிம்பிக்கில் முதன்முதலாக மாரத்தான் வைத்ததும் அதே ஒலிம்பிக்கில், அதே வாரத்தில்தான். அமெரிக்காவின் ஜோன் பெனாய்ட் 2 மணி 24 நிமிடம் 52 விநாடியில் தனியாக மைதானத்துக்குள் ஓடி வந்தார். அதற்கு முன்னால் 1928-இல் ஆம்ஸ்டர்டாமில் பெண்களுக்கு 800 மீட்டர் வைத்து, ஓடியவர்கள் களைத்துப்போனார்கள் என்று பத்திரிகைகள் எழுத, 1960 வரை அந்தத் தூரத்தையே எடுத்துவிட்டார்கள். 1967-இல் பாஸ்டன் மாரத்தானில் 261-ஆம் எண்ணோடு ஓடிய கேத்ரின் ஸ்விட்சரைப் பந்தய அதிகாரி ஒருவர் சாலையிலேயே பிடித்து இழுக்கப் பார்த்தார். ஆக, பெண்ணுக்கு 400 போதும் என்பது எங்கள் ஊர் மைதானத்தில் பிறந்த நினைப்பு இல்லை. உலகம் முழுக்க இருந்தது, சுற்றிச் சுற்றி எங்கள் சுண்ணாம்புக் கோட்டுக்கும் வந்து சேர்ந்தது.

இதில் எனக்கு ஆறாத விஷயம் வேறு. எங்கள் ஊர்ப் பெண்கள் எப்போதாவது குறுந்தூரம் போனார்களா? நாற்று நடவுக்கு விடியுமுன் நடந்து போய், வெயில் சாய்ந்து நடந்து திரும்பினார்கள். கரும்பு வெட்டு முடிந்து சோகைக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார்கள். ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடும் பால்குடத்தோடும் திருத்தணிக்குப் பாதயாத்திரை போய், அடிவாரத்தில் காலைக்கூட ஆற்றாமல் 365 படியும் ஏறினார்கள். மே மாதத்தில் மாநிலத்திலேயே அதிக வெயில் என்று வேலூரையும் திருத்தணியையும்தான் செய்தியில் சொல்வார்கள். அந்த வெயிலில் நடந்தவர்கள். ஒரு பெண் எவ்வளவு தூரம் தாங்குவாள் என்று அங்கே யாரும் சந்தேகப்பட்டதில்லை. ஓட்டம் என்று வந்தபோது மட்டும் 400.

அதுவும் எந்த ஊரில்? காரைக்காலிலிருந்து புறப்பட்ட ஒரு பெண், அழகு வேண்டாம் என்று பேயுருக் கேட்டு வாங்கி, கால் படக்கூடாதென்று கயிலைக்குத் தலையாலேயே நடந்து போய், அங்கிருந்து திருவாலங்காட்டுக்கு வந்து சேர்ந்ததாகச் சொல்கிறோம். ரத்தின சபையில் ஊர்த்துவ தாண்டவமாடும் பெருமானின் திருவடிக்குக் கீழே அந்தக் காரைக்கால் அம்மையார் இருக்கிறார். அம்மையார் தலையால் நடந்த மண்ணைக் காலால் மிதிக்க அஞ்சி, திருஞானசம்பந்தர் ஊருக்குள் வராமல் பக்கத்திலேயே தங்கினார் என்பதைப் பெரியபுராணம் சொல்கிறது. சின்ன வயதில் பாட்டி இந்தக் கதையைச் சொல்லும்போது எனக்கு அதிசயமாக இருந்தது பேயுரு இல்லை. இவ்வளவு தூரம் ஒருத்தி தனியாகவா வந்தாள் என்பதுதான். பக்தியில் அது பெரிய விஷயம் இல்லையென்று பாட்டி நினைத்திருப்பார். ஓடுகிற பெண்ணாக எனக்கு இன்றும் அதுதான் பெரிய விஷயம்.

இரண்டரை நிமிடத்தில் 400 மீட்டர் என்றால் ஒரு கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 15 விநாடி. இந்தக் கணக்கை ஒரு நாள் போட்டுப் பார்த்தேன், அதற்குப் பிறகு என் எல்லா ஓட்டமும் அதைச் சுற்றியே அமைந்தது. அதே வேகத்தில் 10 கிலோமீட்டர் ஓடினால் 62 நிமிடம் 30 விநாடி. அரை மாரத்தான் ஓடினால் 2 மணி 11 நிமிடம் 52 விநாடி. அதாவது எனக்கு ஓடக் கிடைக்காத அந்த ஒரு ரவுண்டை நிற்காமல் ஐம்பத்திரண்டே முக்கால் தடவை.

செவ்வாய்க்கிழமை கண்டீரவாவில் 400 மீட்டர்களைத் திரும்பத் திரும்ப, நடுவில் ஒரு நிமிடம் நடை. வியாழக்கிழமை இருபது நிமிடம், வாயைத் திறந்து இரண்டு வார்த்தைக்கு மேல் பேச முடியாத வேகத்தில். ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம், முழுக்கப் பேச்சு வேகம். மற்ற நாட்களில் லேசாக, அல்லது ஓட்டமே இல்லை. பாலத்து ஏற்றங்களில் பத்து விநாடி மட்டும் முழு மூச்சாக ஏறி இறங்குவேன். வயதோடு முதலில் சுருங்குவது வேகத்துக்கான தசை இழைகள். அவற்றை எழுப்பி வைக்க இந்தச் சின்ன ஏற்றங்கள் போதும். நாற்பதைத் தாண்டின பெண்கள் லேசான எடைப் பயிற்சியையும் விடக்கூடாது, எலும்புக்காகவும்தான். இதில் ரகசியம் எதுவும் கிடையாது. நான் பார்த்தவரை பெரும்பாலோர் நின்றுபோவது லேசான நாட்களை லேசாக ஓட மனம் வராததால்தான். வாட்சைப் பார்த்து வெட்கப்பட்டு வேகத்தைக் கூட்டிவிடுகிறார்கள். செவ்வாய்க்கிழமைக்குக் கால் மிஞ்சுவதில்லை.

பீட் ரீகல் என்பவர் 1977-இல் ஒரு கணக்கு சொன்னார். தூரம் இரட்டித்தால் நேரம் இரண்டு மடங்கைவிடச் சற்றுக் கூடும், ஏறத்தாழ 2.085 மடங்கு. 5 கிலோமீட்டரை 28 நிமிடத்தில் ஓடுகிறவர் 10-ஐ 58 நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடலாம், அரை மாரத்தானை 2 மணி 9 நிமிடத்துக்குள் முடிக்கலாம். எனக்கு 10 கிலோமீட்டர் வரை சொல்லிவைத்த மாதிரி வந்தது. அரை மாரத்தானில் 2 மணி 10 நிமிடம் சொச்சம், கணக்கைவிடக் கொஞ்சம் தாமதம். ஆனாலும் என்னுடைய 2:11:52-க்குள் வந்துவிட்டேன். முடிவுக் கோட்டைத் தாண்டியதும் அண்ணனுக்கு போன் செய்தேன். “எவ்ளோ தூரம் பாப்பா?” “இருபத்தொண்ணு.” தண்டவாளத்தில் இருந்திருப்பார், காற்று இரைந்தது. “மோசூர் தாண்டி அரக்கோணம் போய்ட்டு மறுபடி நம்ம ஸ்டேஷன் வந்துட்ட மாதிரி” என்றார். எல்லாத் தூரத்தையும் அவர் ஸ்டேஷன் கணக்கில்தான் அளப்பார்.

முழு மாரத்தானில் அந்தக் கணக்கு உடையும். முப்பது கிலோமீட்டருக்கு மேல் உடம்பில் சேர்ந்திருக்கிற மாவுச்சத்து தீர ஆரம்பிக்கும். வாரத்தில் மூன்று நான்கு நாள் ஓடுகிற என்னைப் போன்றவர்களுக்கு அந்தக் கடைசிப் பன்னிரண்டு கிலோமீட்டர் வேறொரு பந்தயம். அதையும் ஓடினேன். அதைவிட ஆரோவில் மாரத்தான் மனதுக்குப் பிடித்தது. அங்கே நேரம் குறிப்பதில்லை, பரிசும் இல்லை. செம்மண் பாதையில் வெறுங்காலோடு ஓடுகிறவர்களைப் பார்த்தபோது நெஞ்சு அடைத்துக்கொண்டது. நாங்களும் வெறுங்காலோடு ஓடியவர்கள்தான். 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக் மாரத்தானில் பதினோராவதாக வந்த ஷிவ்நாத் சிங், 1978-இல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடத்தில் ஓடினார். வெறுங்காலோடு ஓடுவதற்குப் பெயர் போனவர் அவர். பல பத்தாண்டுகள் அந்த நேரத்தை எந்த இந்தியராலும் தொட முடியவில்லை. அவரைப் பற்றி எங்கள் மைதானத்தில் யாராவது ஒருவருக்குத் தெரிந்திருந்தால், எங்கள் கால்களை நாங்கள் வேறு விதமாகப் பார்த்திருப்போம்.

தூரம் கூடக் கூட என்னால் முன்னேற முடிந்தது. 5-லிருந்து 10, 10-லிருந்து 21. வயது நாற்பதைத் தாண்டியும் நேரம் குறைந்துகொண்டே வந்தது. ஆனால் 400 மட்டும் திரும்பி வரவில்லை. அந்த 78 விநாடி திருவாலங்காட்டிலேயே நின்றுவிட்டது. எவ்வளவு முயன்றாலும் இப்போது என் ஒரு ரவுண்டு ஒன்றரை நிமிடத்தைச் சுற்றித்தான். வளைவில் உடம்பைச் சாய்த்து, கடைசி ஐம்பது மீட்டரில் தொடை கல்லாகிப்போனாலும் கை வீச்சிலேயே இழுத்துக்கொண்டு வருகிற அந்தப் பெண்ணை நான் பொறாமையோடு நினைக்கிறேன். அவளிடம் வேகம் இருந்தது, சாலை கொடுக்கப்படவில்லை. எனக்குச் சாலை கிடைத்தது, அந்த வேகம் இல்லை. இரண்டும் ஒரே உடம்பில் ஒரே வருஷத்தில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டுக்கொள்வதை என்னால் நிறுத்த முடியவில்லை. சாம்பியன் ஆகியிருப்பேன் என்று சொல்லவில்லை. 800-ஐயாவது முழு வேகத்தில் ஒரு தடவை தெரிந்துகொண்டிருப்பேன்.

சென்னைக்குப் போகும்போது லால்பாக் எக்ஸ்பிரஸில் ஏறுவேன். அரக்கோணம் தாண்டியதும் எழுந்து கதவருகே போய்விடுவேன். புளியமங்கலம், மோசூர், பிறகு திருவாலங்காடு. எக்ஸ்பிரஸ் அங்கே நிற்காது. மஞ்சள் பலகையில் மூன்று மொழியில் எழுதின பெயரைப் படித்து முடிப்பதற்குள் பிளாட்பாரம் போய்விடும். ஒரு பக்கம் கரும்பு, ஒரு பக்கம் நெல், நடுவில் ஏதோ ஒரு சாலை, அதில் சிறிய உருவமாக யாராவது ஒருவர். ஓடுகிறாரா நடக்கிறாரா என்று தெரிவதற்குள் மணவூர் வந்துவிடும்.

ஊரில் இப்போது பெண்கள் அதிகம் ஓடுகிறார்கள் என்கிறார் அண்ணன். ராணுவ போலீஸில் பெண்களைச் சிப்பாய்களாக எடுக்க ஆரம்பித்த பிறகு அதற்கு 1600 மீட்டர். மத்தியப் படைகளுக்குப் பெண்களுக்கும் 1600, எட்டரை நிமிடம். ஒரு அறிவிப்பு மாறினால் ஒரு மைதானமே மாறுகிறது. எட்டு ரவுண்டு ஓடுகிற பெண்களை இன்று யாரும் கையைக் காட்டி நிறுத்துவதில்லை. அண்ணனே சாயங்காலம் போய் ஸ்டாப்வாட்ச் பிடிக்கிறாராம். அதைக் கேட்டபோது வந்த சந்தோஷத்தை எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை. அந்தப் பெண்களோடு ஒரு விடியலில் ஓட வேண்டும் என்ற ஆசை அன்றிலிருந்து ஆரம்பித்தது.

வழி போட்டு வைத்திருக்கிறேன். ஸ்டேஷனில் கிளம்பி கோயில், சென்றாடு தீர்த்தத்தை ஒரு சுற்று, பழையனூர், அங்கிருந்து கனகம்மாசத்திரத்தில் திருப்பதி சாலையைப் பிடித்துத் திருத்தணி அடிவாரம். அரை மாரத்தானுக்குக் குறையாது. பிறகு படி. ஒவ்வொரு பொங்கலுக்கும் நினைப்பேன். பிள்ளைகளின் பரீட்சை, மாமியாரின் உடம்பு, லீவு கிடைக்காமை என்று ஏதாவது ஒன்றில் தள்ளிப்போகும். இந்தத் தையில் ஓடிவிட வேண்டும் என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன். அவர் வண்டியில் தண்ணீரோடு பின்னால் வருகிறாராம். “நாலு மணிக்கே கெளம்பிடணும் பாப்பா, டிராக்டர் வர்றதுக்குள்ள ரோட்டைத் தாண்டிடணும். இங்க ஓடுற பொண்ணுங்களும் வர்றேன்னு சொல்லுதுங்க, எவ்ளோ தூரம்னு கேக்குதுங்க.” முதலில் பழையனூர் வரை வரட்டும், பேசிக்கொண்டே ஓடட்டும், முடிகிற பெண் சத்திரம் வரை வரட்டும், யார் எங்கே நிற்பது என்பதை அவர்களே முடிவு செய்துகொள்ளட்டும் என்று சொன்னேன்.